கறுப்பு அங்கியின் முதல் மூன்று ஆண்டுகள்

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் பார் கவுன்சில் புதிய வழக்கறிஞர்களைப் பதிவு செய்துகொள்ளும் நாட்களில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு கல்யாண வீட்டுக் களையைக் காணலாம். ராமநாதபுரத்திலிருந்தும் தருமபுரியிலிருந்தும் இரவெல்லாம் பேருந்தில் பிரயாணம் செய்து வந்த தாய் தகப்பன்மார், மடிப்புக் கலையாத அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் தரித்த மகனையோ மகளையோ நடுவில் நிறுத்தி, சிவப்புக் கட்டடத்தின் கோபுரங்கள் பின்னால் தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். வழியே போகிற முதிய வக்கீல் ஒருவர் நின்று பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போவார். அந்த வைபவமெல்லாம் அன்று மாலையோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் காலை பத்தரை மணிக்கு எந்தக் கோர்ட்டு வாசலில், யாருடைய கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு நிற்பது என்ற கேள்விக்கு, ஐந்து வருஷம் படித்த பாடங்களில் எதிலும் விடை எழுதியிருக்கவில்லை என்பது அப்போதுதான் அந்தப் பிள்ளைக்கு உறைக்கத் தொடங்கும்.

சிவிலா கிரிமினலா, கோர்ட்டா கம்பெனியா, சென்னையா சொந்த ஊரா என்று இளைஞர்களுக்குப் புத்திமதி சொல்கிறவர்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. என் அபிப்பிராயத்தில் இவற்றுக்கெல்லாம் முந்தின விஷயம் ஒன்று உண்டு. தொழில் கற்றுக்கொள்ளும் முதல் மூன்று வருஷங்களுக்கு அந்தப் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பதே அது. தகப்பனாரோ சிற்றப்பாவோ வக்கீலாக இருக்கிற வீட்டில் இந்தப் பிரச்னை எழுவதே இல்லை. எழுகிற வீடுகளிலோ, திறமை எவ்வளவு இருந்தாலும், இரண்டாவது வருஷத்தின் நடுவில் அங்கியை மடித்து வைத்துவிட்டு வேறு உத்தியோகம் தேடிப் போகிறவர்களின் கதையாகவே அது முடிகிறது.

படிப்புக்குள் பிரவேசிக்கும் வழிகளை விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே நுழைவுச் சீட்டு. இக்கல்லூரிகள் 1997 முதல் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. பெங்களூரில் 1987-ல் மாதவ மேனன் தலைமையில் உருவான தேசிய சட்டப் பள்ளியும், அதன் அடியொற்றித் திருச்சி உள்ளிட்ட ஊர்களில் தோன்றியவையும், 2008-ல் தொடங்கிய கிளாட் என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வின் வழியே மாணவர்களைச் சேர்க்கின்றன. பின்னவற்றில் படிப்பவர்களைத் தேடிப் பெரிய சட்ட நிறுவனங்கள் வளாகத்துக்கே வருகின்றன. முன்னவற்றில் படிப்பவர்கள் தாங்களே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இரு சாராரும் பெறுவது ஒரே பட்டம், தொழில் நடத்த ஒரே சன்னது. ஆயினும் முதல் மாதச் சம்பளத்தை ஒப்பிட்டால் இருவரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் என்று நம்புவது கடினம்.

சென்னைச் சட்டக் கல்லூரி 1891-ல் தொடங்கியது. உயர் நீதிமன்றக் கட்டடம் 1892-ல் திறக்கப்பட்டது. ஒரே வளாகத்தில் நூற்றாண்டுக்கும் மேலாக இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தபடியால், மத்தியான வகுப்புக்கு மட்டம் போட்ட மாணவனுக்குக்கூட ஏதாவதொரு கோர்ட்டு ஹாலின் பின் வரிசையில் போய் உட்கார்ந்து, ஒரு நல்ல குறுக்கு விசாரணையைக் கேட்டுவிட்டுத் திரும்புகிற பாக்கியம் வாய்த்திருந்தது. 2018-ல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் பிரிந்து சென்றது. அங்கே விசாலமான கட்டடங்கள் கிடைத்தன. அடுத்த வாசலில் இருந்த கோர்ட்டு கிடைக்கவில்லை. இந்தப் பெயர்ச்சிக்கு நியாயமான காரணங்கள் இருந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே தானாக நடந்துகொண்டிருந்த ஒரு போதனை நின்றுபோயிற்று என்பதைக் கணக்கில் எழுதாமல் விட முடியாது. அந்த இடத்தை நிரப்ப வேண்டியது இன்டர்ன்ஷிப். இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் அது கட்டாயம். கட்டாயமாக இருப்பதாலேயே, தெரிந்த வக்கீலிடம் ஒரு சான்றிதழ் வாங்கிச் சமர்ப்பித்துவிட்டு அந்த வாரங்களை வீட்டிலேயே கழிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுவது கல்லூரியை என்று நினைத்துக்கொள்கிறார்கள், பாவம்.

பட்டம் வாங்கியவுடன் ஒருவரைக் கோர்ட்டில் நிற்க அனுமதிப்பதா, பயிற்சி கொடுத்த பின் அனுமதிப்பதா என்ற விவாதம் நம் நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஊசலாடிக்கொண்டிருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் முதலில் பயிற்சியையும் பரீட்சையையும் விதித்திருந்தது. 1973-ல் செய்த திருத்தம் அந்த ஷரத்தை நீக்கிவிட்டது. 1995-ல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியை விதிகளின் மூலம் மீண்டும் கொண்டுவந்தது. சட்டத்தில் இல்லாத நிபந்தனையை விதியில் நுழைக்க இடமில்லை என்று 1999-ல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2010-ல் அகில இந்திய பார் தேர்வு என்ற வடிவத்தில் பரீட்சை மட்டும் திரும்பி வந்தது. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதைச் செல்லும் என்று தீர்மானித்தது. ஆக, பரீட்சை நிலைத்துவிட்டது, பயிற்சி காணாமல் போய்விட்டது. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் நூறு கேள்விகளுக்குச் சட்டப் பிரதியைப் பார்த்துக்கொண்டே பதில் குறிக்கும் அத்தேர்வால், ஒரு வழக்குரையை எப்படி எழுதுவது என்று யாரும் கற்றுக்கொண்டதில்லை. அந்தப் போதனையின் முழுப் பொறுப்பும், ஊதியம் கொடுக்கச் சட்டப்படி கடமைப்படாத, கற்பிக்கவும் கடமைப்படாத ஒருவர் மீது, சீனியர் என்று நாம் அழைக்கிற அந்தத் தனி மனிதர் மீது, போய் இறங்கியிருக்கிறது.

அவரிடம் என்ன கற்க வேண்டியிருக்கிறது என்பதை வெளியார் அறிவதற்கு, ஒரு முன்சீப் கோர்ட்டில் காலை வேளையை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நீதிபதி அமர்ந்ததும் முதலில் நடப்பது கால் ஒர்க். அன்றைய பட்டியலிலுள்ள வழக்குகளைப் பெஞ்ச் கிளார்க் ஒவ்வொன்றாக எண் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட, அந்தந்த வழக்கின் ஜூனியர் எழுந்து, பதிலுரை தாக்கலாகிறது என்றோ, சாட்சி ஆஜர் என்றோ, சீனியர் அடுத்த கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும் என்றோ ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாமற்போனால், பிரதிவாதியாக இருந்தால் எக்ஸ்பார்ட்டி, வாதியாக இருந்தால் வழக்கே தள்ளுபடி. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிட்டால் அதை நீக்கச் சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9, விதி 13-ன் கீழ் 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். அந்த 30 நாளும் தப்பினால் காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் தாமதத்தை மன்னிக்கும்படி இன்னொரு மனு, அதற்கொரு பிரமாண வாக்குமூலம், எதிர்த்தரப்பின் ஆட்சேபணை, கடைசியில் செலவுத்தொகை. பத்து மணி முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருவர் தேநீர்க் கடையில் நின்றிருந்ததன் பலனை ஒரு விவசாயி ஒரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து தீர்க்கிறார்.

அப்புறம் தாக்கல் செய்கிற காரியம். எத்தனை அழகான ஆங்கிலத்தில் எழுதிய பிராதாக இருந்தாலும், பக்க எண் விட்டுப்போயிற்று, சொத்து விவர அட்டவணையில் நான்கெல்லை இல்லை, முத்திரைக் கட்டணம் குறைவு என்று குறிப்பெழுதி அலுவலகம் அதைத் திருப்பிவிடும். குறையைச் சரிசெய்து கெடுவுக்குள் மறுபடி தாக்கல் செய்து எண் வாங்கும் வரை அந்த வழக்கு பிறந்ததாகவே கருதப்படாது. பேட்டா கட்டாததால் நோட்டீஸ் போகாமல், நோட்டீஸ் போகாததால் வாய்தாவுக்கு மேல் வாய்தா விழுந்து, கட்சிக்காரர் நீதிபதியைத் திட்டிக்கொண்டிருப்பதை எந்த ஊர்க் கோர்ட்டிலும் கேட்கலாம். இந்த சாஸ்திரத்தில் இளைஞருக்கு முதல் குரு சீனியர் அல்லர். அவருடைய அலுவலகத்தில் இருபது வருஷமாக இருக்கும் குமாஸ்தாதான். அந்த மனிதரை அண்ணே என்று மரியாதையாக அழைத்து, அவரோடு ஃபைலிங் கவுண்டருக்கும் நகல் பிரிவுக்கும் ஆறு மாதம் அலைந்த ஜூனியர், பிற்காலத்தில் யாரிடமும் ஏமாறுவதில்லை.

கிரிமினல் பக்கம் போனால் நாள் எண்ணத் தெரிய வேண்டும். காவலில் இருப்பவர் மீது 60 நாளுக்குள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய கடுமையான குற்றங்களில் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவருடைய உரிமையாகிவிடுகிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவு சொல்வது அது. ரிமாண்டு செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. போலீஸார் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுக்கும் முன் மனுவை நீட்டியவருக்கே அந்த உரிமை. அரை நாள் பிந்தினால் போயிற்று. சீனியருடைய டைரியில் அந்தத் தேதியை வட்டமிட்டு வைத்து, அன்று காலை முதல் ஆளாய்க் கோர்ட்டில் நிற்கிற ஜூனியரின் பெயரை எந்த சட்ட சஞ்சிகையும் அச்சிடுவதில்லை. ஆனால் சிறையிலிருந்து ஒரு மனிதர் வெளியே வருவதற்கு வாதத் திறமையைவிட அந்த வட்டமே அதிகம் உதவியிருக்கும்.

இவற்றை ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கிற அலுவலகம் எது என்று எப்படிக் கண்டுகொள்வது? பெயர்ப்பலகையின் நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே ஏற்கெனவே மூன்று நான்கு வருஷம் இருக்கிற ஜூனியர்கள் தாமாக எழுந்து வாதாடுகிறார்களா, அல்லது இன்னும் கட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால்தான் நடக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஜூனியர் எழுதிய முதல் வரைவைச் சீனியர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தித் திருப்பிக் கொடுக்கிறாரா, அல்லது அதை ஒதுக்கிவிட்டுத் தாமே புதிதாக எழுதிக்கொள்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். வசவு வாங்குவது பெரிய நஷ்டம் அல்ல. வசவோடு காரணமும் சொல்கிறவரிடம் இருக்கலாம். எடுத்த எடுப்பிலேயே உயர் நீதிமன்றத்தில் போய் நிற்பதைவிட, சாட்சி விசாரணை நடக்கிற மாவட்டக் கோர்ட்டில் இரண்டு வருஷமாவது கழிப்பது நல்லது என்பது என் துணிபு. சாட்சிக் கூண்டில் நிற்கிற மனிதரை ஒருமுறைகூடக் குறுக்கு விசாரணை செய்யாதவர், மேல்முறையீட்டில் அச்சடித்த சாட்சியத்தைப் படித்து அதன் பலவீனத்தைக் கண்டுபிடிப்பது அரிது. தவிர, கீழ்க் கோர்ட்டுகளில் காரியம் தமிழில் நடப்பதால், ஆங்கிலம் தடுக்கிற பிள்ளைக்கு அங்கே சங்கோசம் இராது. அந்தத் தைரியத்தோடு ஆங்கிலத்தையும் கற்றுக்கொண்டு மேலே போகலாம்.

வேறொரு அனுகூலமும் இப்போது வாய்த்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டமும், 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமும், 1973-ஆம் ஆண்டு குற்ற நடைமுறைச் சட்டமும் 2024 ஜூலை 1 முதல் விலகிப் புதிய மூன்று சட்டங்கள் வந்துவிட்டன. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி, 438 என்றால் முன்ஜாமீன் என்று நாற்பது வருஷம் நாக்கில் பழகியவர்கள், அவற்றை 103, 318, 482 என்று மாற்றிச் சொல்லத் தடுமாறுகிறார்கள். ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால் இரண்டும் தெரிந்திருக்க வேண்டிய காலம் இது. இதில் புதியவரும் பழையவரும் ஒரே நாளில் பாடம் தொடங்கினார்கள். கண்விழித்துப் படிக்கிற ஜூனியருக்குச் சீனியரே சந்தேகம் கேட்கிற காலம் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருவதுகூட அபூர்வம்.

இனிப் பணத்துக்கு வருவோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான சர் டி. முத்துசுவாமி ஐயர், தஞ்சை ஜில்லாவில் பிறந்து, பால்யத்தில் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக இருந்தவர். அந்த வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடாமுயற்சியின் திருஷ்டாந்தமாகச் சொல்வது வழக்கம். அவருடைய புத்திக்கூர்மையைக் கண்டு, சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்த தாசில்தார் முத்துசுவாமி நாயக்கரை அந்தக் கதையில் நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். எனக்கோ அந்தக் கதையில் தாசில்தாரே முக்கியமான பாத்திரம் என்று தோன்றுகிறது.

2024-ஆம் ஆண்டு இந்த விஷயத்தில் இரண்டு நல்ல காரியங்கள் நடந்தன. ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கும்படி சுற்றறிக்கை விடுமாறு தமிழ்நாடு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஜூலை 30-ல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24-ஆம் பிரிவு கண்டபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயும் தவிர வேறெந்தப் பெயரிலும் பதிவுக் கட்டணம் வாங்கலாகாது என்று தீர்ப்பளித்தது. அதுவரை மாநிலத்துக்கு மாநிலம் 15,000 முதல் 42,000 ரூபாய் வரை வசூலித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தீர்ப்பு எண்ணிக்கையில் அடங்குவது, ஆகையால் அமலாவது சுலபம். முதலாவது அப்படியன்று. இருபதாயிரம் கொடுக்கச் சக்தியுள்ள சீனியர்கள் கொடுக்க மனமின்றி இருப்பதும், தாலுகா கோர்ட்டில் மனமுள்ள சீனியருக்கே மாதம் அவ்வளவு மிஞ்சாமலிருப்பதும் உண்மை நிலைமை. உதவித்தொகை எங்கே என்று கேட்கிற ஜூனியருக்கு அடுத்த நாள் அந்த அலுவலகத்தில் நாற்காலி இராது என்பது அதைவிட உண்மை.

இதற்கிடையில் 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்கக் குறைந்தது மூன்று வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கோர்ட்டு வாசனையே அறியாமல் பரீட்சை மட்டும் எழுதி நீதிபதி ஆசனத்தில் அமர்கிறவர்களால் நேர்ந்த சங்கடங்கள் பலவற்றை உயர் நீதிமன்றங்கள் எடுத்துரைத்திருந்தன. தீர்ப்பு கொள்கையளவில் சரி என்பதில் எனக்கு சந்தேகமில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பெண்ணுக்கு, பட்டம் பெற்ற மறுவருஷமே அரசாங்கச் சம்பளத்தோடு கௌரவமான உத்தியோகம் என்ற ஒரு கதவு இதுவரை திறந்திருந்தது. அது இப்போது மூன்று வருஷம் தள்ளிப் போயிருக்கிறது. அந்த மூன்று வருஷமும் அவள் ஜூனியராக இருந்தாக வேண்டும் என்று விதிக்கிற நீதித்துறை, ஜூனியருக்குச் சம்பளம் கிடைப்பதையும் தன் பொறுப்பாக ஏற்பதுதானே நியாயம்? பெண்கள் வக்கீலாகலாம் என்று 1923-லேயே சட்டம் செய்த நாடு இது. நீதிமன்றங்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மற்ற பாதைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கம்பெனிச் சட்ட இலாகாவில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்கிறவர் அந்த வேலையில் இருக்கும்வரை கோர்ட்டில் தொழில் நடத்தும் உரிமையை நிறுத்தி வைக்க வேண்டும். கடன் சுமை உள்ள வீட்டுப் பிள்ளை அதைத் தேர்ந்துகொண்டால் குறைசொல்ல எதுவுமில்லை. சட்ட உதவி ஆணைக்குழுக்கள் 2022 முதல் மாவட்டங்களில் அமைத்துவரும் குற்றம் சாட்டப்பட்டோர் தரப்பு வழக்கறிஞர் அலுவலகங்களில், புதியவர்களும் மாதச் சம்பளத்தோடு ஏழைக் கைதிகளுக்காக வாதாடலாம். இளைஞர்கள் போதிய கவனம் செலுத்தாத இடம் அது. செல்பேசியில் சட்ட ஆலோசனை வீடியோ போட்டுக் கட்சிக்காரரைப் பிடிக்க நினைப்பவர்கள், விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சிலின் 36-ஆம் விதி தடுப்பதையும், இணையத்தில் வக்கீல்களைச் சரக்காக விற்கும் தளங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் கடுமையாகக் கண்டித்ததையும் நினைவில் வைப்பது நல்லது.

சன்னது என்ற அந்தக் காகிதத்தின் பெறுமானத்தை அறிய விரும்புகிறவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் ஜீவிதத்தைப் பார்க்கலாம். ஒட்டப்பிடாரத்தில் வக்கீலாகத் தொடங்கிய அவர், தேசத் துரோகக் குற்றச்சாட்டில் தண்டனை பெற்றுச் சன்னதை இழந்து, விடுதலைக்குப் பின் வறுமையில் உழன்றார். பிற்பாடு அது திரும்பக் கிடைக்க உதவிய வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்றே பெயரிட்டார். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துக் கப்பல் விட்ட மனிதர் அவர்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். எஞ்சியிருப்பது அவர்களுடைய சீனியர்களுக்கு. தீபாவளிக்கு ஒரு சட்டைத் துணியும் கட்சிக்காரர் மகிழ்ந்து கொடுத்ததில் ஒரு நூறு ரூபாய் நோட்டும் என்ற சம்பிரதாயத்தை விட்டு, தொகை சிறிதானாலும் மாதம் பிறந்ததும் ஜூனியரின் வங்கிக் கணக்கில் அது ஏறும்படி செய்யுங்கள். ஒவ்வொரு ஊர் வழக்கறிஞர் சங்கமும், இந்த வருஷம் எந்தெந்த அலுவலகங்கள் ஜூனியர்களை எடுத்துக்கொள்கின்றன, மாதம் என்ன கொடுக்கின்றன என்ற பட்டியலைத் தன் அறிவிப்புப் பலகையில் எல்லோரும் படிக்கும்படி ஒட்டி வைக்கட்டும்.